கரை கிழித்த துணி

1. பழைய துணி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு வீட்டில் என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்து, வாழையிலைத் துண்டில் பழைய சோறு கொண்டுவந்து வைத்தார்கள். நான் கேட்கப் போனது பழைய துணி. வாய் வரவில்லை. சோற்றைத் தின்று, இலையை எடுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

என் பெயர் மைமூன். பிறந்தது பாலக்காட்டுப் பக்கம். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு மிளகுக் கிடங்கில் சாக்கு தைக்கிற வேலை. கேரளா தனி மாநிலமான அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகள். கிடங்கு முதலாளி சொல்லி, சங்கத்து வார்டில் ஆயாவாகச் சேர்ந்தேன்.

இப்போது எங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க வரும் பிள்ளைகள் அந்தக் காலத்து அனுபவத்தை எனக்குத் தெரிந்த தமிழிலேயே எழுதித் தரச் சொன்னார்கள். மனசுக்கு இதமாக எழுதுங்கள் என்றார்கள். இதமாக எழுத எனக்கு வரவில்லை. அறுபது வருடமாக உள்ளே கிடக்கிற கோபம்தான் முதலில் கைக்கு வருகிறது.

வார்டு என்பது பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய மசாலாக் கிடங்கு. மழை பெய்தால் சுவரிலிருந்து மிளகு நெடி வரும், நோயாளிகள் தும்முவார்கள். பன்னிரண்டு கட்டில். எல்லாம் கான்சர்காரர்கள். அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், வியாதியை ‘அந்த தீனம்’ என்பார்கள். மதராஸ் வரை போய்க் கரண்ட் என்கிற கதிர் வைத்தியம் செய்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். வீட்டில் வைத்துக்கொள்ள வீட்டார் பயந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சங்கம் வைத்து இந்த வார்டை நடத்தினார்கள்.

வார்டுக்குப் பொறுப்பு ரோசி சிஸ்டர். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசியது மலையாளம். எனக்குக் கேட்டது போலத் தமிழில் எழுதுகிறேன். வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து அவர் கத்தினார்.

“வெட்கம் உன் வீட்டுல வச்சுட்டு வா பெண்ணே. புதுத் துணி கஞ்சி போட்டது, புண்ணுல ஒட்டிப் பிடிக்கும். எடுக்கும்போ தோலும் கூட வரும். நூறு தடவ அலக்கின பழைய முண்டு வேணும் எனக்கு. கேட்டியா? உன் நாணம் கொண்டு நான் புண்ணு கட்ட முடியாது.”

வெட்கம் போகவில்லை. ஆனால் எனக்கு ஒரு வழி கிடைத்தது. வீட்டுப் பின்பக்கமாகப் போவேன். அடுக்களை வாசலில் உட்காருவேன். முறத்தில் அரிசி இருந்தால் கல் பொறுக்கத் தொடங்குவேன், வெங்காயம் இருந்தால் உரிப்பேன். ஒன்றும் பேசமாட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பெண்ணே கேட்டுவிடுவாள்.

“எந்தா வேணும் உனக்கு? வந்ததுலேர்ந்து கல்லு பொறுக்குற. வாய்ல கொழுக்கட்டையா?”

அப்போது சொல்வேன். சொன்னதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். நாம் உடுத்த துணி அந்தப் புண்ணில் பட்டால் துணி வழியாக தீனம் நம்மைத் தேடி வந்துவிடும் என்று பயம். இதற்கு வழி கண்டுபிடித்தது ஒரு ஹாஜியார் வீட்டு மருமகள். உள்ளே போய்த் தன் பழைய முண்டை எடுத்துவந்து, என் முன்னாலேயே இரண்டு பக்கக் கரையையும் சர்ரென்று கிழித்தாள்.

“கரைய நான் வச்சுக்கிறேன். கரை இல்லாத துணி எங்க வீட்டுத் துணி இல்ல. இனி தீனத்துக்கு வழி தெரியாது. கொண்டு போ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிஸ்டருக்கும் கரை வேண்டாம். கரை தடிப்பாக இருக்கும், புண்ணில் உறுத்தும். அதனால் எல்லா வீட்டிலும் இதையே சொன்னேன், “கரையக் கிழிச்சு வச்சுக்கிட்டுத் தாங்க.” அடுக்களை அடுக்களையாக அது பழக்கமாகிவிட்டது. நான் முறத்தைத் தொட்டாலே உள்ளே துணி கிழிகிற சத்தம் கேட்கும். துணியோடு கூட ஒரு குப்பி தேங்காயெண்ணெய், ஒரு படி அரிசி, கொஞ்சம் சில்லறை என்று வரத் தொடங்கியது. ஆண்கள் நுழையாத இடத்திலிருந்து வந்த அந்த வசூல்தான் வார்டை ஓட்டியது. சங்கத்து அறிக்கையில் அது ஒரு வரியாகக்கூட வந்ததில்லை என்று சிஸ்டர் சொல்வார்.

2. வியாழக்கிழமைக் குளி

மருந்து கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும். நாங்கள் வசூல் செய்தது மருந்துக்கு இல்லை. புளியிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிக்க வைப்பது, காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது, தலை வாருவது, வாய்ப் புண்ணுக்குக் கஞ்சியை வடிகட்டி ஆற்றிக் கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்ட ஒரு ஆளை வைப்பது, இதற்குத்தான். வியாழக்கிழமை குளித்த நோயாளி வெள்ளிக்கிழமை ஊசி இல்லாமல் தூங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கமிட்டிக்காரர்களுக்கு இது ஆடம்பரமாகத் தெரிந்தது. செக்ரட்டரி ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை. வார்டுக்கு வந்தால் மூக்கில் கர்ச்சீப் வைத்தபடியே பேசுவார்.

“சாகப் போற ஆளுக்கு எண்ணெ தேய்ச்சா ஆயுசு கூடுமோ சிஸ்டரே?”

“கூடாது சாரே. வேதன குறையும்.”

“அத ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?”

சிஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஏழாம் நம்பர் கட்டிலில் சைனம்பு இத்தா இருந்தார். எங்கள் பக்கத்தில் மூத்தவளை இத்தா என்றுதான் கூப்பிடுவோம். இஞ்சிக் கிடங்கில் சுக்கு சுத்தம் செய்கிற வேலை செய்தவர். காலையிலிருந்து மாலை வரை குனிந்தே இருக்கிற வேலை. பசி தெரியாமலிருக்கப் புகையிலை போடுவார்கள். வாயில் வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே முகம் முழுவதையும் மூடித் துணி கட்டியிருப்பார்.

அந்தத் துணியை மாற்றுவது என் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். குளிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், பிறகுதான் முடிச்சில் கை வைக்கலாம். பெற்ற மகள் வந்தாலும் வெளியே நிற்க வேண்டும். முடிச்சை அவிழ்க்கும்போது ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். பேச்சு தெளிவாக வராது, எனக்குப் பழகிவிட்டது.

“பொறுமையா அவிழ் பெண்ணே. உள்ள புதுப்பெண்ணு இருக்கா.”

இத்தாவின் ஒரே மகள் நூர்ஜஹான். அவளுக்குச் சுள்ளிக்கல்லில் குடைக்கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். ஹஜ் பெருநாள் கழிந்து நிக்காஹ். தாய்க்கு இந்த தீனம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், அது பரம்பரையாக வரும் என்று எல்லாரும் நம்பின காலம். வயிற்றுப் புண்ணுக்கு வைத்தியம் செய்யப் பாலக்காட்டில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

“நிக்காஹ் அன்னிக்கு ஒரு மணி நேரம் போதும் எனக்கு” என்பார் இத்தா. “பொம்பளைங்க நடுவுல முக்காடு போட்டு உக்காருவேன். நூரு வந்து கையப் பிடிப்பா. அவ்வளவுதான். பெறகு படச்சவன் கூப்பிடட்டும், நான் ரெடி.”

அந்த ஒரு மணி நேரத்துக்காக நாங்கள் மூன்று மாதம் பாடுபட்டோம். சிரட்டைக் கரியை இடித்துச் சலித்து, இரண்டு மடிப்புப் பழைய துணிக்கு நடுவில் வைத்துத் தைத்தேன். அது வாடையை இழுத்துக்கொள்ளும் என்று சிஸ்டர் சொல்லித் தந்தார். அதற்கு மேல் வெள்ளை மல்லுத் துணி. தலையை ஆட்டினாலும் பேசினாலும் நழுவாமலிருக்க மடிப்பை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தோம். ஒருநாள் சரியாக வந்துவிட்டது. இத்தா கட்டிலை விட்டு இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். பன்னிரண்டாம் கட்டில் கிழவி கேட்டாள், “ஆரு அது, புதுசா வந்த டாக்டரம்மாவா?”

இத்தா அன்று அழுதார். சந்தோஷத்தில்.

3. நோட்டீஸ்

வருடத்துக்கு ஒருமுறை சங்கத்தின் வார்ஷிகம் நடக்கும். ஒரு ஸ்கூல் ஹாலில் மேடை போட்டுப் பேசுவார்கள், சாயா கொடுப்பார்கள், வசூல் செய்வார்கள். பெண்கள் உட்கார ஒரு பக்கம் திரை கட்டுவார்கள். நோயாளிகளை அங்கே கொண்டுபோனதே இல்லை.

அந்த வருடம் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு நோட்டீஸைக் கையில் வைத்தார்.

“நீ கேறாத அடுக்களை இந்த மட்டாஞ்சேரியில இல்லைன்னு கேட்டேன். எல்லா வீட்டுலயும் கொடு. பெண்ணுங்க வரணும். பெண்ணுங்க வந்தாத்தான் கண்ணீரு வரும். உனக்கு வாசிக்கத் தெரியுமில்ல?”

“தெரியும்” என்றேன்.

பொய் இல்லை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். நோட்டீஸ் மலையாளத்தில் இருந்தது. மலையாளம் பேசுவேன், எழுத்து தெரியாது. ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இப்போது போய் இது என்ன எழுத்து என்று கேட்க வெட்கம். சிஸ்டரிடம் நீட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பார். நான் நீட்டவில்லை. போன வருடம் போலத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு வீடாகக் கொடுத்தேன். சுள்ளிக்கல்லிலும் கொடுத்தேன். குடைக்கடைக்காரர் வீட்டு மாமி, மாப்பிள்ளையின் தாய், எனக்குப் பழைய துணி தருகிறவர்களில் ஒருவர். நல்ல மனுஷி. நோட்டீஸை வாங்கி உப்புப் பரணிச் சாடிக்கு அடியில் வைத்துவிட்டு, “மவன்கிட்ட வாசிக்கச் சொல்றேன். நீ கூப்பிட்டா வராம இருப்பனா?” என்றார்.

அந்த நோட்டீஸில் நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. நோயாளிகளின் நிலையை நேரில் கண்டு மனமிரங்கி உதவுங்கள் என்று. அந்த வரியை நான் என் இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் முழுவதும் நடந்திருக்கிறேன்.

4. மேடை

வார்ஷிகத்தன்று மத்தியானம் வார்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆறு நோயாளிகளைக் கூட்டிவரச் சொன்னதாக டிரைவர் சொன்னான். கம்பளிப் போர்வை கொடுக்கப் போகிறார்கள், சாயங்காலம் பிரியாணி உண்டு என்றான். பட்டியலில் ஏழாம் நம்பரும் இருந்தது. ரோசி சிஸ்டர் அன்று லீவு. அவர் லீவில் இருக்கிற நாளாகப் பார்த்து வைத்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. இன்றும் சந்தேகம் இருக்கிறது.

இத்தா என்னைப் பார்த்தார்.

“சுள்ளிக்கல்காரி வருவாளா?”

நான்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

“வந்தாலும் திரைக்குப் பின்னால இருப்பாங்க இத்தா. உங்க துணி உங்க முகத்துல இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?”

“நீ சொன்னாச் சரி. பிரியாணி தின்ன முடியாது, வாசனையாவது முகந்துட்டு வருவோம். மூக்கு இன்னும் என்னுதுதானே.”

கல்யாணத்துக்கென்று தைத்து வைத்திருந்த அந்த நல்ல துணியையே கட்டிவிட்டேன்.

மேடையில் ஒரு பெஞ்சு போட்டு ஆறு பேரையும் உட்கார வைத்தார்கள். ஹால் நிறைந்திருந்தது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம், குழந்தைகளின் சத்தம். எல்லாம் நான் கூப்பிட்டு வந்தவர்கள். செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார். அன்று கர்ச்சீப் இல்லை. முதல் ஆளின் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காலைக் காட்டினார். அடுத்தவரின் கழுத்துத் துண்டை எடுத்தார். ஒவ்வொருவருக்கும் பெயர் சொன்னார், ஊர் சொன்னார், என்ன வேலை செய்தவர், எத்தனை பிள்ளைகள் என்று சொன்னார். எல்லாம் வார்டு ரிஜிஸ்தரிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு பெயருக்கும் திரைக்குப் பின்னால் “ச்சு ச்சு” என்று சத்தம் வந்தது.

இத்தாவிடம் வந்தார்.

“இது சைனம்பு. இஞ்சிக் கிடங்குல சுக்கு பொறுக்கின ஏழைப் பெண்ணு. புருஷன் இல்ல. ஒரே மகள், நூர்ஜஹான். கல்யாணப் பிராயம்.” பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கை மூடாமலே சொன்னார், “மைமூனே, அந்தத் துணி எடுக்கு. ஆளுங்க காணட்டும்.”

நான் அசையவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன். என்னுடைய வாய் அது, எப்போது திறந்திருக்கிறது? ஹாலில் அத்தனை ஆண்கள். அத்தனை கண்கள்.

“கேட்கலியா? எடுக்கு. இல்லாட்டி வேலைக்கு வேற ஆள பார்க்கறேன்” என்றார், இப்போது மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, சிரித்த முகத்தோடு.

இத்தா என் கையைப் பிடித்தார். துணிக்குள்ளிருந்து அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும்.

“நீ தொடாத. உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. முடிச்சு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

அவரே அவிழ்த்தார்.

ஹாலில் என்ன சத்தம் வந்தது என்று நான் சொல்ல விரும்பவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு பெண் வீறிட்டாள். யாரோ எழுந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனது கேட்டது. ஆண்கள் பக்கத்தில் சிலர் எம்பிப் பார்த்தார்கள். எம்பிப் பார்த்தவர்களை நான் ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு பல வருடம் அவர்களைப் பஜாரில் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறேன்.

இத்தா துணியைத் திரும்பக் கட்டினார். மடிப்பு சரியாக விழவில்லை. கரித்தூள் வெள்ளைத் துணியில் சிந்தியது. நான் போய்க் கட்டிவிட்டேன். அதற்குள் ஜனங்கள் வரிசையில் நின்று மேடையிலிருந்த பெட்டியில் பணம் போடத் தொடங்கியிருந்தார்கள்.

திரும்பிப் போக வேன் இல்லை. தலைமை தாங்க வந்த பெரிய மனிதரைக் கொண்டுவிட அது போய்விட்டது. மூன்று கை ரிக்‌ஷாக்களில் போனோம். வார்டு வாசலில் இறங்கும்போது இத்தா சொன்னார்.

“பிரியாணி வாசனையே வரல்ல பெண்ணே. அதுலயும் பறஞ்சு பத்திச்சாங்க.”

ஏமாற்றிவிட்டார்கள் என்பதை அப்படித்தான் சொல்வோம். அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, சுள்ளிக்கல் மாமியைக் கூப்பிட்டது நான்தான் என்று சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

5. வெந்நீர் அண்டா

நான் மூன்றாம் நாள் சுள்ளிக்கல்லுக்குப் போனேன். வழக்கம்போல அடுக்களை வாசலில் உட்கார்ந்து முறத்தை எடுத்தேன். மாமி வந்து என் கையிலிருந்து முறத்தை வாங்கிக்கொண்டார்.

“உனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுட்டுத்தான் என் அடுக்களைல உக்காந்து கல்லு பொறுக்கின.”

“மாமி, அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல.”

“நான் குத்தம் சொன்னேனா? என் மவன் ஒருத்தன். பெத்தவளுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்ங்குறாங்க. நான் என்ன டாக்டரா, பொய்யா மெய்யான்னு பார்க்க? போ மைமூன். இனி இந்த வாசல்ல உக்காராத.”

சம்பந்தம் முடிந்தது. அந்த மாமியின் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம்தான். பயந்தவர். பயப்படாத ஒரு ஆள் பேண்ட் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றாரே, என் கோபம் அவர் மேல். என் மேல்.

இத்தா அதற்குப் பிறகு வியாழக்கிழமைக் குளிக்கு எழுந்திருக்கவில்லை. “நனஞ்சா எந்தா, காஞ்சா எந்தா” என்றார். காலில் எண்ணெய் வைக்க விடவில்லை. கரித்துணி தைத்துக்கொண்டு போனால் திரும்பக் கொடுத்துவிடுவார். கொடுத்த கம்பளிப் போர்வையை விரிக்கவே இல்லை, மடித்தது மடித்தபடி கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஒருநாள் வார்டில் ஆட்கள் வந்து பெரிய செம்பு அண்டா ஒன்றைப் பொருத்தினார்கள். கீழே அடுப்பு, பக்கத்தில் குழாய். திருகினால் வெந்நீர் வரும். அதுவரை நான் குடம் குடமாகக் காய்ச்சிச் சுமந்துகொண்டிருந்தேன். செக்ரட்டரி வந்து குழாயைத் திருகிக் காட்டினார்.

“பார்த்தியா மைமூனே? அன்னிக்கு உனக்கு என் மேல கோபம் வந்ததில்ல? இது அந்த வசூல்ல வந்தது. பன்னிரண்டு ஆளும் குளிக்கலாம். ஒரு நிமிஷ சங்கடம், பத்து வருஷ வெந்நீரு. கணக்கு சரியா இல்லையா?”

நான் ரோசி சிஸ்டரைப் பார்த்தேன். லீவிலிருந்து வந்து விஷயம் கேட்டு அவர் செக்ரட்டரியோடு பெரிய சண்டை போட்டவர்தான். ஆனால் அண்டாவைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ணட்டும்டீ” என்றார் சிஸ்டர், செக்ரட்டரி போன பிறகு. “வெந்நீரு வேணுமே.”

அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. வெந்நீர் வேண்டும்தான். அந்த அண்டாவில் குளித்து எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள், நானே குளிப்பாட்டினேன். அதை வாங்க வேறு வழியே இல்லை என்றுதானே எங்களை நம்ப வைத்தார்கள்? அடுக்களையில் துணி கிழித்துக் கொடுத்த பெண்களிடம் ஒரு அண்டா வேண்டும் என்று யாராவது கேட்டுப் பார்த்தார்களா?

இத்தா அந்த அண்டாவில் ஒருமுறை குளித்தார். நோன்பு பிறக்க நான்கு நாள் இருந்தது. மய்யித்தை, இத்தாவின் உடலை, குளிப்பாட்ட இரண்டு பெண்கள் வந்தார்கள், நானும் நின்றேன். நூர்ஜஹான் வாசலிலேயே நின்றாள். பழக்கம் அப்படி. நான் அவளை உள்ளே கூப்பிட்டேன். பிறகு கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன்.

நாற்பது கழிந்து நூர்ஜஹான் தாயின் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். நல்ல மெத்தென்ற துணிகள். எதிலும் கரை கிழித்திருக்கவில்லை.

“நீ கிழிக்கலியா?” என்றேன்.

“எதுக்கு அக்கா? என்னைத் தேடி வர இனி என்ன இருக்கு?”

கரையை நான் கத்தரிக்கோலால் வெட்டினேன். எனக்கு நேராக வெட்ட வரவில்லை.

6. அடுத்த வருடம்

அடுத்த வார்ஷிகத்துக்கு மறுபடி ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்தார் செக்ரட்டரி. நான் அதை நேராக ரோசி சிஸ்டரிடம் கொண்டுபோனேன்.

“எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது சிஸ்டர். வாசிச்சுச் சொல்லுங்க.”

சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வாசித்தார். அதே வரி. கூடவே ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார்கள், குழந்தை நோயாளி ஒன்றும் மேடையில் உண்டு என்று. வார்டில் அப்போது ஒரு எட்டு வயதுப் பெண் குழந்தை இருந்தாள்.

நோட்டீஸ் கட்டைக் கழிவறைப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். வெறுங்கையோடு வீடுகளுக்குப் போனேன். அன்று முறத்தைத் தொடவில்லை. அடுக்களை வாசலில் நின்றுகொண்டே, யாரும் கேட்பதற்கு முன்னால், நானாகப் பேசினேன்.

“விழாவுக்கு வராதீங்க. நீங்க வந்தா எங்க ஆளுங்க துணிய அவிழ்ப்பாங்க. கொடுக்குறத இங்கயே கொடுங்க. பார்க்காம கொடுக்க முடியாதுன்னா கொடுக்க வேணாம்.”

முதல் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். பத்தாவது வீட்டில் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சுள்ளிக்கல்லிலும் போய் வாசலில் நின்று சொன்னேன். மாமி உள்ளே போனார். துணி கிழிகிற சத்தம் கேட்டது.

வார்ஷிகத்தன்று திரைக்குப் பின்னால் ஒரு பாய்கூட நிறையவில்லை. மறுநாள் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார்.

“பெண்ணுங்க ஏன் வரல்ல?”

“நான் வர வேணாம்னு சொன்னேன்.”

“நீயா?” அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “உனக்கு இத்தனை தைரியம் யாரு தந்தது?”

“யாரும் தரல்ல சார்.”

அன்றைக்கே வேலை போயிற்று. எனக்குப் பதில் துணி சேகரிக்க ஒரு ஆணை அனுப்பினார்கள். அவனை எந்த அடுக்களையில் விடுவார்கள்? முன்வாசலில் நின்று கேட்டுவிட்டு, வீட்டு ஆண்கள் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த புதுத் துணியோடு வந்தான். கஞ்சி போட்டு மொரமொரவென்று இருந்ததாம். அலக்கி அலக்கிப் பார்த்தும் இளகவில்லை. அலமாரியில் இருந்த பழைய துணி தீர்ந்துபோயிற்று. புண் துணியை எடுக்கும்போது நோயாளிகள் போடுகிற சத்தம் பஜார் வரை கேட்டதாக, நான் கப்பைக் கிழங்கு வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள். நான் நடைபாதையில் நின்று அழுதேன். ரோசி சிஸ்டர் ஒருநாள் அந்தப் புதுத் துணி ஒன்றை, புண்ணிலிருந்து எடுத்த கோலத்திலேயே, தட்டில் வைத்துக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்துவிட்டாராம்.

“முகம் காணணும்னு ஆசைப்பட்டீங்களே சாரே. இதையும் காணுங்க.”

மூன்றாம் வாரம் செக்ரட்டரி ஆள் அனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“வேலைக்கு வா” என்றார்.

“யாரையும் மேடைல ஏத்தக் கூடாது. ரிஜிஸ்தர்ல இருக்குற பேர வெளிய சொல்லக் கூடாது.”

“அது கமிட்டி முடிவு பண்ண வேண்டியது.”

“முடிவு பண்ணிட்டு ஆள் அனுப்புங்க” என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசல் வரைதான் வந்திருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டுச் சம்மதம் சொன்னார். அவர் மனம் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். துணி வேண்டியிருந்தது.

அலமாரியில் நான் வைத்துவிட்டுப் போன நோட்டீஸ் கட்டு அப்படியே இருந்தது. புண்ணிலிருந்து எடுத்த துணியை எரிப்பதற்கு முன்னால் சுற்றி வைக்கக் காகிதம் வேண்டும். தீரும் வரை அதைத்தான் உபயோகித்தேன்.

பிள்ளைகளே, நீங்களும் வசூலுக்குப் போகிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாசிக்கத் தெரியாத காகிதத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அந்த வெட்கத்துக்கு விலை கொடுத்தது நான் அல்ல, வேறொருத்தி. போன மாதம் உங்களில் ஒருவர் படுக்கையில் கிடந்த ஒரு மனுஷியைப் போனில் படம் எடுத்தார். இதைப் போட்டால்தான் பணம் வரும் பாட்டி என்றார். நான் தடியை ஓங்கியது அதற்குத்தான். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இவ்வளவு எழுதியிருக்கிறேன். சைனம்பு இத்தாவின் துணிக்கு உள்ளே என்ன இருந்தது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறேனா என்று திருப்பிப் பாருங்கள். மாதக்கணக்காகத் தினமும் பார்த்தவள் நான். எழுதினால் உங்களுக்குக் கண்ணீர் வரும், நன்றாகவே எழுத என்னால் முடியும். எழுத மாட்டேன். கதவு சாத்தியே இருக்கட்டும்.